யார் ஓட்டின வண்டி?

என் வீட்டுப் பின்கட்டில், கிழக்கு ஜன்னலை ஒட்டிக் கிடக்கும் மேசையில் ஆறு மாதமாக ஒரு டிராக்டர் நின்றது. நீளம் அரைச்சாணுக்குக் கொஞ்சம் கூடுதல். உண்மையான வண்டியில் 24-இல் ஒரு பங்கு. வாடிப்பட்டிச் சுற்றுவட்டாரத்து வயல்களில் நாற்பது வருடம் டிராக்டர் ஓட்டிய பெரியவர் ஒருவர் அதைப் பார்க்க வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்வார் என நான் காத்திருந்தேன்.

"அழுக்கெல்லாம் சரியாத்தேன் இருக்கு தம்பி. யாரு ஓட்டுன வண்டி இது?" என்றார்.

"யாரும் ஓட்டலண்ணே, நான் செஞ்சது."

"அதத்தேன் சொல்றேன். ஆளு ஏறி எறங்குன வண்டி மாதிரித் தெரியலயே."

டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது உண்மை என்பது அந்த மாடலைத் திரும்பிப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது.

நான் தொழிலால் போர்டு எழுதுகிறவன். கடைப் பலகை, லாரியின் பின்கதவு, டிராக்டர் மட்கார்டு என்று எழுதாத பரப்பில்லை. ஃபிளெக்ஸ் வந்தபின் அந்த வேலை சுருங்கிவிட்டது. ஆனால் மாடல் கட்டுவது அந்தத் தொழிலுக்கும் முந்தியது. 1989-இல் சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மாமா ஊருக்கு வந்தபோது ஒரு அட்டைப் பெட்டி கொண்டுவந்தார். உள்ளே ஜப்பானின் டமியா நிறுவனம் செய்த வில்லிஸ் ஜீப், 1/35 அளவில். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிட் என்பது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வார்த்த பாகங்களின் தொகுப்பு. கொடியில் காய் தொங்குவதுபோலப் பாகங்கள் ஒரு சட்டத்தில் தொங்கும். அந்தச் சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். நிப்பரால் நறுக்கி எடுத்து, காம்பு இருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். ஒட்டுவதற்கான திரவம் பசை போல இடையில் நிற்பதில்லை. அது பிளாஸ்டிக்கையே கரைக்கிறது. கரைந்த இரண்டு விளிம்புகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, திரவம் ஆவியானதும் ஒரே துண்டாக இறுகிவிடும். பட்டறையில் இரும்பைப் பற்றவைப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

1/35 என்ற அந்த விநோதமான அளவுக்கு ஒரு கதை உண்டு. டமியா 1960-களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்து ஓடும் பாந்தர் டாங்கி ஒன்றைச் செய்தது. பேட்டரிகள் உள்ளே அடங்குவதற்கு எவ்வளவு அகலம் வேண்டுமோ அந்த அகலத்துக்கு உடலை வரைந்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது அது ஏறத்தாழ 35-இல் ஒரு பங்காக வந்தது. அதுவே உலகம் முழுக்க ராணுவ மாடல்களின் அளவாக நிலைத்துவிட்டது. எனக்கு அடியும் அங்குலமும்தான் கைவரும். அதனால் 1/24 பிடிக்கும். ஓர் அடி அரை அங்குலமாகிவிடும், கணக்கு மனதிலேயே ஓடும்.

ஜீப்பைக் கட்டி முடித்தேன். வண்ணம் பூசவில்லை, வாங்க வழியில்லை. இரண்டு வருடம் கழித்து, போர்டு எழுதும் அண்ணன் ஒருவரிடம் வேலை பழகச் சேர்ந்ததும் என் கைக்கு எட்டியது என்.சி. தின்னர். அதில் பச்சையைக் கரைத்து ஜீப்பின் பானெட்டில் இழுத்தேன். கண்ணெதிரே பிளாஸ்டிக் இளகி, காய்ச்சிய பாலின் ஏடு போலச் சுருங்கி மடிந்தது. பாகத்தை ஒட்டவைக்கும் அதே குணம்தான் அங்கே பாகத்தைத் தின்றது என்பதை அன்று எனக்குச் சொல்ல யாருமில்லை. பாலிஸ்டைரீனைத் தின்னர் கரைக்கும், டர்பன்டைன் அவ்வளவாகத் தொடாது. இந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள என் முதல் மாடலைக் கொடுத்தேன். பழகும் பிள்ளைகளுக்கு இன்றும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

பிறகு பல வருடங்கள் கிடைத்ததையெல்லாம் கட்டினேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்தது, மதுரையில் எப்போதாவது கண்ணில் பட்டது, பின்னாளில் தபாலில் வரவழைத்தது. ஒட்டுவதும் வண்ணமும் பாதி வேலைதான். மீதிப் பாதி, புதிதாக நிற்கும் மாடலைப் பயன்பட்ட வண்டியாக மாற்றுவது. வெதரிங் என்பார்கள், நான் பழசாக்குவது என்பேன். அதற்கான முறைகளை வெளிநாட்டுப் பத்திரிகைகளின் படங்களைப் பார்த்துக் கற்றேன். அமெரிக்கரான ஷெப் பெயின் 1970-களில் மோனோகிராம் நிறுவனத்துக்காகச் செய்த காட்சி மாடல்களின் செய்முறைத் தாள்கள் கிட் பெட்டிகளோடு வந்தன. ஒரு தலைமுறையே அவற்றைப் பார்த்துப் பழகியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பிரான்சுவா வெர்லிண்டன் வாஷ், டிரை பிரஷ் ஆகிய இரண்டையும் உலகமெங்கும் பரப்பினார். வாஷ் என்பது மிக நீர்த்த கருநிறம். தொட்டு வைத்தால் இடுக்குகளில் தானாக இறங்கித் தங்கும். டிரை பிரஷ் அதற்கு நேர்மாறு. வண்ணத்தைத் துடைத்தெடுத்த பிரஷ்ஷால் தடவினால் மேடுகளில் மட்டும் வெளிச்சம் ஏறும்.

கை நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் நான் பூசியது நார்மண்டியின் சேறும் ரஷ்யாவின் பனியும். நான் மிதித்துப் பார்க்காத மண். படத்தில் இருந்த நிறத்தைப் படத்தில் இருந்த இடத்தில் வைத்தேன். ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

டிராக்டர் ஆசை அந்தச் சமயத்தில் வந்தது. வாடிப்பட்டி முல்லைப் பெரியாறு தண்ணீர் பாயும் ஊர். 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்து, பேரணையிலிருந்து பிரதான கால்வாயில் திரும்புகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். ஜூனில் தண்ணீர் திறந்தால் போதும், ஊரெங்கும் டிராக்டர் சத்தம்தான். அதில் நான் சிறுவயதிலிருந்து பார்த்து, மட்கார்டில் பெயர் எழுதிப் பழகியது சிவப்பு பானெட் வைத்த மேசி பெர்குசன் 1035. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் செய்வது. அந்த வண்டிக்கு 1/24-இல் கிட் எனக்கு எங்கும் அகப்படவில்லை. பிரான்சின் ஹெல்லர் நிறுவனம் அதன் முன்னோரான பெர்குசன் டி.இ.20-க்கு ஒரு கிட் போட்டிருந்தது. ஒரு வழியாக அதை வரவழைத்தேன்.

டி.இ.20 சாதாரண வண்டியல்ல. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்தது இந்த டிராக்டரில்தான். இன்னொரு செய்தி எனக்கு அதைவிடப் பெரியது. கிட் உலகின் மூத்த பெயர்களில் ஒன்று ஏர்ஃபிக்ஸ். ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கோலஸ் கோவ் 1939-இல் தொடங்கிய அந்த நிறுவனம் ஆரம்பத்தில் காற்றடைத்த பொம்மைகளும் பிறகு சீப்புகளும் செய்துகொண்டிருந்தது. 1949-இல் பெர்குசன் நிறுவனம் தன் விற்பனையாளர்கள் கையில் கொடுப்பதற்காக இந்த டிராக்டரின் சிறு மாதிரி ஒன்றைச் செய்துதரச் சொன்னது. முழுதாகப் பூட்டிக் கொடுப்பது சிரமமாக இருந்ததால் அதைப் பாகங்களாகவும் விற்கத் தொடங்கினார்கள். போர் விமானங்களுக்குப் பேர்போன ஏர்ஃபிக்ஸின் முதல் கிட் வயலில் உழுகிற ஒரு டிராக்டர். அதன் வம்சத்து வண்டிதான் எங்கள் ஊர்த் தொளியில் இறங்குகிறது என்று தெரிந்தபோது, செய்தால் இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

தெரிந்த ஒருவரின் களத்தில் நின்ற 1035-ஐ டேப் வைத்து அளந்தேன். பின் டயர் 12.4-28. அதாவது ரிம்மின் விட்டம் 28 அங்குலம், 1/24-இல் 29.6 மில்லிமீட்டர். பானெட்டை பிளாஸ்டிக் தகட்டில் புதிதாக வளைத்தேன், மூட்டுகளில் பட்டி பார்த்துத் தேய்த்தேன். டீசல் குழாய்க்கும் மின்கம்பிக்கும் வீணான ஸ்ப்ரூவை அகல்விளக்குச் சுடருக்கு மேலே காட்டி இழுத்தேன். மெதுவாக இழுத்தால் தடித்த கம்பி வரும், வெடுக்கென்று இழுத்தால் தலைமயிர் கனத்தில் வரும். தின்னரும் டர்பன்டைனும் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் அந்த விளக்கைப் பக்கத்தில் வைக்கக் கூடாது. வண்ணம், வாஷ், துரு, சேறு என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பூசி முடித்தேன். அப்போதுதான் பெரியவர் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

மறுநாள் முதல் நான் பிரஷ்ஷைத் தொடவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதம், காலையில் வயலுக்கும் மாலையில் பட்டறைக்கும் போய் டிராக்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டில் எழுதினேன். அதுவரை நான் டிராக்டரைப் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓட்டுபவர் இடப்பக்கமாக ஏறுகிறார். அதனால் இடது மிதிபலகையில் வண்ணம் போய் இரும்பு பளபளக்கிறது, வலதில் அப்படியே இருக்கிறது. நான் இரண்டையும் ஒரேமாதிரி தேய்த்திருந்தேன். ஏறும்போது அவர் கை பற்றும் மட்கார்டு விளிம்பு கருத்து வழவழப்பாகிவிடுகிறது. மட்கார்டின் மேல்பரப்பு மற்ற இடத்தைவிட மின்னுகிறது. காரணம், வயலுக்குப் போகும்போதும் வரும்போதும் அதன்மேல் ஓர் ஆள் உட்கார்ந்து வருகிறார். நான் என் கையால் எழுதிய பெயர்களே அந்த இடத்தில் நடுவில் மட்டும் அழிந்திருந்தன. டீசல் ஊற்றும் மூடியைச் சுற்றி வழிந்த தடம் இருக்கிறது, அது எப்போதும் கேன் பிடிக்கிற பக்கமாகவே வழிகிறது. எண்ணெய் கசிகிற மூட்டில் புழுதி ஒட்டிக் கரிய மேடாகிறது. ஒரு சாண் தள்ளி அதே புழுதி வெளிறிக் கிடக்கிறது. சைலன்சர் சூட்டில் வண்ணம் எரிந்து செம்பழுப்பாகிறது. வெயில் விழுகிற பானெட்டின் மேல்முகம் வெளுத்து ரோஜா நிறத்துக்குப் போகிறது, பக்கவாட்டில் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது.

துருவிலும் வயது உண்டு. உழுதுகொண்டிருக்கிற கொழு வெள்ளி மாதிரி மின்னும். ஒரு மழை நாள் சும்மா கிடந்தால் மறுநாளே ஆரஞ்சு பூக்கும். வருடக்கணக்காகக் கிடந்த இரும்பு கரும்பழுப்பு. நான் எல்லாத் துருவுக்கும் ஒரே புட்டியைத் திறந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் ஆயுத பூஜை. பானெட்டில் வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்தாலும் அதன் வட்டம் மாசக்கணக்கில் நிற்கிறது. குங்குமம் மழையில் கரைந்து கீழே ஒரு மெல்லிய கோடாக இறங்கியிருக்கிறது. மாலை கட்டிய நூல் முன்கிரில்லில் முடிச்சோடு தொங்குகிறது. எந்த வெளிநாட்டுச் செய்முறைப் புத்தகத்திலும் இது இருக்காது. ஆனால் இதில்லாமல் எங்கள் ஊர் டிராக்டர் இல்லை.

நோட்டு நிறைந்தபோது எனக்கு விளங்கியது இதுதான். வண்டியில் காரணமில்லாத கறை ஒன்றுகூட இல்லை. வெயிலோ, தண்ணீரோ, சூடோ, ஒரு மனிதனின் கையோ காலோ, ஏதோ ஒன்று அதை அங்கே வைத்திருக்கிறது. பழசாக்குவது என்றால் அழுக்குப் பூசுவது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். காரணம் தெரியாமல் வைத்த கறை வெறும் கறையாகவே நிற்கும். காரணம் தெரிந்து வைத்தால் சிறு புள்ளிகூட அந்த வண்டியின் கதையைச் சொல்லும்.

மாடலை டர்பன்டைனில் துடைத்தேன். மேலே பூசிய எனாமல் வாஷும் சேறும் வந்துவிட்டன, அடியில் உலர்ந்த அக்ரிலிக் சிவப்பு அசையவில்லை. இந்த வரிசை முக்கியம். அடிநிறம் தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக், அதன்மேல் வார்னிஷ் ஒரு கோட், அதற்குமேல் டர்பன்டைனில் கரைத்த எனாமல். பிடிக்காவிட்டால் மேலடுக்கை மட்டும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். தவறு செய்யப் பயமில்லாமல் இருப்பதற்கு இதுவே வழி.

மிதிபலகையிலிருந்து தொடங்கினேன். தேய்ந்த இரும்புக்குப் பென்சில் கரித்தூளை விரல்நுனியால் தேய்த்தால் போதும், வேறு வெள்ளி வண்ணம் தேவையில்லை. சிராய்ப்புகளுக்குப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு பிசிறு கிள்ளி, வண்ணத்தில் தொட்டு, தாளில் ஒற்றி, பிறகு விளிம்பில் ஒற்றினேன். பிரஷ்ஷால் வைக்கிற புள்ளிகள் வரிசை கட்டிவிடும், ஸ்பாஞ்சு ஒழுங்கில்லாமல் வைக்கும். இரும்புக் கலப்பைக்கு முதலில் துரு நிறம், அதன்மேல் ஹேர்ஸ்பிரே, அதற்குமேல் நீலம். காய்ந்தபின் ஈரப் பிரஷ்ஷால் வருடினால் ஹேர்ஸ்பிரே கரைந்து நீலம் சில்லுச் சில்லாக உரிந்து, கீழே துரு தெரியும். மட்கார்டில் பெயரெழுத ஒரு முழுநாள் ஆயிற்று. நான் மூன்று அங்குலத்தில் எழுதுகிற எழுத்து அங்கே மூன்று மில்லிமீட்டர். எழுதி முடித்து, ஆள் உட்காரும் இடத்தில் மட்டும் அழித்தேன்.

சேற்றுக்கு வயல் மண்ணையே எடுத்தேன். ஆனால் அப்படியே பூச முடியாது. ஒரு மில்லிமீட்டர் மணல் 1/24-இல் இரண்டரை சென்டிமீட்டர் கல். களிமண் பொம்மைகளுக்குப் பேர்பெற்ற விளாச்சேரியில் மண்ணைக் கரைத்து வடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைப் போலவே வாளித் தண்ணீரில் மண்ணைக் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே இருக்கும் கலங்கலை மட்டும் வேட்டித் துணியில் வடித்து, அடியில் படியும் வண்டலைக் காயவைத்தேன். பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க இரும்புச் சட்டியில் வறுத்தேன். ஃபெவிகாலில் குழைத்தால் மண் கருத்துவிடும். அதனால் காய்ந்த சேற்றுக்குச் சாக்பீஸ் தூள் கொஞ்சம் சேர்த்தேன், ஈரச் சேற்றுக்கு அப்படியே வைத்து மேலே பளபளக்கும் வார்னிஷ் ஒரு தொடல் கொடுத்தேன். தொளியில் பின்சக்கரம் சேற்றைப் பின்னாலும் மேலேயும் வாரி எறிகிறது. மட்கார்டின் உள்முகம் கனமாக அப்பியிருக்கும், பானெட்டின் மேல் ஏறாது. டயரோடு மாட்டும் கேஜ் வீலின் பட்டைகளில், தரையை அறைகிற முகம் தேய்ந்து மின்னும், உள்முகம் சேறு காய்ந்து வெடித்திருக்கும்.

எங்கள் ஊர் வெயிலையும் கணக்கில் வைக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் அக்ரிலிக் பிரஷ் நுனியிலேயே காய்ந்துவிடும், ஏர்பிரஷ்ஷின் வாய் அடைத்துக்கொள்ளும். விடிகாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து எட்டு மணிக்கு எழுந்துவிடுவேன். ஐப்பசி மழையில் வேறு தொல்லை. ஃபெவிக்விக்கின் ஆவி ஈரக்காற்றோடு சேர்ந்து சுற்றிலும் வெள்ளையாகப் படியும். முகப்பு விளக்கின் கண்ணாடியை அதனால் ஒட்டினால் அது பூத்துப் போகும். கண்ணாடிக்கு எப்போதும் ஃபெவிகால்தான். காய்ந்தால் தெளிந்துவிடும்.

டிராக்டரை நிறுத்த ஒரு சிறு வயலும் செய்தேன். இப்படிக் காட்சியாக அமைப்பதை டயோரமா என்பார்கள். பெயர்தான் புதிது. நவராத்திரி கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம் என்று பூங்கா அமைக்கிற நம் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் காலங்காலமாகச் செய்துவருவது வேறென்ன? என் வரப்பில் நிற்கும் நாற்றுக்கட்டு சணல் நாரைப் பச்சை தோய்த்து நறுக்கியது. ஒன்பதரை அங்குல நாற்று, ஒரு சென்டிமீட்டர்.

எல்லாம் முடிந்ததும் பெரியவரை மறுபடி அழைத்துவந்தேன். இந்த முறை அவர் மேசையைச் சுற்றவில்லை. இடப்பக்கம் குனிந்து நின்றார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு மிதிபலகைக்கு மேலே நான் தேய்த்து வைத்திருந்த கிளட்ச் பெடலைச் சுட்டு விரலால் காட்டினார்.

"இவன் கிளட்ச்சுல கால வச்சுக்கிட்டே ஓட்டுறவன்."

அவர் பாராட்டவில்லை. அந்த வண்டியை ஓட்டியவனைப் பற்றிப் பேசினார். முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையைச் செய்துவரும் எனக்குக் கிடைத்த பெரிய அங்கீகாரம் அதுதான்.

இந்தப் பழக்கத்துக்கு வர நினைக்கும் இளையவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விலையுயர்ந்த கிட் வரும்வரை காத்திருக்காதீர்கள். நம் மாநிலத்தில் பிள்ளைகள் பலர் சன்போர்டை அறுத்து அரசுப் பேருந்துகளை அச்சு அசலாகச் செய்கிறார்கள். அதுவே நல்ல தொடக்கம். உங்கள் தெருவில் நிற்கும் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுங்கள். மாட்டுவண்டியோ, டவுன் பஸ்ஸோ, பழைய ரோடு ரோலரோ, எதுவானாலும் சரி. இவற்றுக்கு வெளியிலிருந்து யாரும் கிட் செய்து அனுப்பப் போவதில்லை. டேப் எடுத்துப் போய் அளந்துகொள்ளுங்கள், எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அளந்து முடித்ததும் கிளம்பிவிடாமல், அதை ஓட்டுகிறவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். எந்தப் பக்கம் ஏறுவார், எங்கே கை வைப்பார், எது அடிக்கடி கசியும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து பிரஷ்ஷை எடுங்கள்.